ஒரு கூறு மீனில் டி.என்.ஏ. தேடுவது எப்படி

டி.என்.ஏ. எங்கே இருக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் "செல்லின் உட்கருவில்" என்று பதில் வந்துவிடும். சரிதான். ஆனால் ஒரு சாளை மீனைக் கையில் கொடுத்து, இதில் எந்த இடத்தில் அது நிறைய இருக்கும், எந்த இடத்தில் கொஞ்சமாக இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற கடலோர ஊர்ப் பக்கத்தில் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். இந்தத் தயக்கத்தைப் போக்க எனக்குத் தெரிந்த வழி, மீனை வாங்கி அறுத்து, டி.என்.ஏ.வை அவர்கள் கையாலேயே எடுக்க வைப்பது. அதை முதல்முறையாகச் செய்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆய்வகம் தேவையில்லை. அடுப்படியில் இருக்கும் பொருட்களும் மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு பாட்டிலும் இருந்தால் வேலை நடக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு டி.என்.ஏ. கிடைக்கும் என்பது பொருளின் எடையை வைத்து அல்ல, அந்த எடைக்குள் எத்தனை உட்கருக்கள் அடைந்து கிடக்கின்றன என்பதை வைத்துத்தான். நம் உடம்பின் ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது 46 குரோமோசோம்களாகச் சுருண்டு கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் அடங்கிக் கிடக்கிறது. செல் பெரிதாக இருப்பதால் அதில் இரண்டு மடங்கு டி.என்.ஏ. இருந்துவிடாது. சின்னச் சின்ன செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடமே நமக்கு வேண்டிய இடம்.

என்ன வாங்குவது

காலையில் கரைக்குப் போய் ஒரு கூறு சாளையோ காணாங்கெழுத்தியோ வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த 61 நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும், அதனால் வேறு மாதம் வைத்துக்கொள்வது நல்லது. மீன் அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். குழம்புக்காக இதைச் சொல்லவில்லை. மீன் செத்தவுடன் அதன் ஈரலிலும் குடலிலும் இருக்கும் நொதிகள் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கத் தொடங்கிவிடும், வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்த மீனில் நூல் வராது, கலங்கல்தான் வரும். ஒரு பையில் கொஞ்சம் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

மீன் வெட்டும் அக்காவிடம் வயிற்றுக்குள் இருப்பதை எறியாமல் தரச் சொல்ல வேண்டும். நான் முதல்முறை கேட்டபோது, "காக்காய்க்குப் போடுறத எதுக்கு டீச்சர் கேக்குறீங்க?" என்றார். இப்போது கேட்காமலே தனியாக எடுத்து வைத்துத் தருகிறார். நமக்கு வேண்டியவை நான்கு. பெண் மீனின் சினை, அது மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மணி மணியாக இருக்கும். ஆண் மீனின் விந்துப் பை, அது வெள்ளை வெளேரென்று வழுவழுப்பாக, சீம்பால் கட்டி போல இரண்டு நீள மடலாக இருக்கும், சினையோடு அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. அப்புறம் ஈரல், கொஞ்சம் சதை.

கடையில் வாங்க வேண்டியது: கல் உப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு, ஒரு பப்பாளிக் காய். மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். கை தேய்க்கும் சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கூழும் அதிகம். ஆல்கஹாலை முதல்நாள் இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், இறுக மூடி, தனி டப்பாவுக்குள். அது தீப்பற்றும் பொருள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. பிள்ளைகள் ஊற்றும்போது பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

எது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறைத் துண்டு எதையும் எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கிறது, வலையில் தானாக வந்தது என்றாலும் கடலில் விட்டுவிட வேண்டியதுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே இறங்கிப் பொறுக்கும் எண்ணமே வேண்டாம். பேத்தை மீனையும் தொட வேண்டாம், அதில் விஷம் உண்டு. அந்தப் பேத்தையைப் பற்றி ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஜப்பான் கடலில் வாழும் ஒரு பேத்தை வகையின் டி.என்.ஏ.வை 2002இல் படித்து வெளியிட்டார்கள். அது மனிதனுடையதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான், முதுகெலும்புள்ள உயிர்களில் மிகக் குட்டையான வகையைச் சேர்ந்தது. வலையில் வந்தால் நாம் ஒதுக்கிப் போடும் மீனுக்கு உலகம் முழுக்க அப்படி ஒரு மதிப்பு.

எடுக்கும் முறை

நான்கு டம்ளர் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள்: விந்துப் பை, ஈரல், சதை, சினை. நான்கிலும் ஒரே அளவு போட வேண்டும், ஒரு டீஸ்பூன் போதும். இல்லையென்றால் கடைசியில் ஒப்பிட முடியாது. அம்மியிலோ சின்ன உரலிலோ மெதுவாக நசுக்கிப் போடுங்கள். மிக்ஸியில் ஓட விடாதீர்கள், பிளேடு சுழன்றால் டி.என்.ஏ. இழைகள் வெட்டுப்பட்டுப் போகும், நீளமான நூல் கிடைக்காது.

ஒவ்வொரு டம்ளரிலும் 100 மில்லி குளிர்ந்த குடிதண்ணீர், ஒரு டீஸ்பூன் சோப்புத் திரவம், ஒன்றரை டீஸ்பூன் பொடித்த உப்பு. வாழைப்பழத்தில் செய்கிறவர்கள் உப்பை ஒரு சிட்டிகைதான் போடுவார்கள், மீனுக்கு அது போதாது. ஏனென்றால் விந்து செல்லுக்குள் டி.என்.ஏ. சும்மா கிடக்கவில்லை. அதன் மேல் புரதம் கயிறு சுற்றிய மாதிரி இறுக்கிக் கட்டியிருக்கும், உப்பு கெட்டியாக இருந்தால்தான் அந்தக் கட்டு அவிழும். அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது, அடியில் வெள்ளைப் பொடியாகப் படிந்து உங்களை ஏமாற்றும்.

இப்போது ஈர்க்குச்சியால் நுரை வராமல் கலக்கிக்கொண்டே இருங்கள். சோப்பு இங்கே செய்வது பாத்திரத்தில் செய்யும் அதே வேலைதான். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் உட்கருவைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனவை, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போல இரண்டையும் கரைத்துவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் விந்துப் பை போட்ட டம்ளரில் மட்டும் ஒரு மாற்றம் தெரியும். தண்ணீர் மாதிரி இருந்தது கஞ்சியாகி, அப்புறம் முட்டை வெள்ளைக்கரு போலக் கொழகொழத்து, குச்சியைத் தூக்கினால் இழுபட்டு வரும். அந்த இழுவைதான் டி.என்.ஏ. உட்கருக்கள் உடைந்து உள்ளே சுருண்டிருந்த இழைகள் வெளியே நீண்டுவிட்டன. இந்த இடத்தில் அவசரப்படாமல், ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் குச்சியைத் தூக்கிப் பார்க்கும் வரை நிறுத்தி வையுங்கள்.

பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பாலில் இரண்டு மூன்று சொட்டு ஒவ்வொரு டம்ளரிலும் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். ஆட்டுக்கறி வேக நம் வீட்டில் பப்பாளிக் காய் போடுவோமே, அதே காரணம்தான். அந்தப் பால் புரதத்தைச் சிதைக்கும். பால் கையில் பட்டால் அரிக்கும், உடனே கழுவிவிடுங்கள்.

அப்புறம் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வடிந்ததைச் சின்னக் கண்ணாடி டம்ளரில் பாதிக்குக் கீழே எடுத்துக்கொள்ளுங்கள். விந்துப் பைக் கரைசல் துணியில் இறங்க மறுத்தால் பிழியாதீர்கள், வடிகட்டாமலே ஊற்றிக்கொள்ளலாம். ஃப்ரீசரிலிருந்து ஆல்கஹாலை எடுத்து, டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, உள்சுவரை ஒட்டி மெள்ள ஊற்றுங்கள். எண்ணெய் போல அது மேலே தனி அடுக்காக நிற்க வேண்டும். கரைசல் எவ்வளவோ அதே அளவு ஆல்கஹால். ஊற்றிய பிறகு டம்ளரை ஆட்டாதீர்கள். தண்ணீரில் கரையும் டி.என்.ஏ. ஆல்கஹாலில் கரையாது, அதனால் இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு விரிவது போலத் தெரியும், சின்னக் குமிழிகளைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். ஈர்க்குச்சியை அந்த இடத்தில் விட்டு ஒரே பக்கமாகச் சுற்றினால் நூல் போலச் சுற்றிக்கொள்ளும்.

எது டி.என்.ஏ., எது இல்லை

நான்கு டம்ளரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். விந்துப் பையில் குச்சி நிறையச் சுற்றும். ஈரலில் ஓரளவு கிடைக்கும், மீன் புதிதாக இருந்தால். சதையில் மிகக் கொஞ்சம். சினையில்தான் எல்லோருக்கும் ஏமாற்றம். நானும் முதல்முறை சினையைத்தான் நம்பினேன், ஒரு மீனையே உண்டாக்கப் போகிற பொருளாயிற்றே, அதில் இல்லாமல் எங்கே இருக்கும் என்று நினைத்தேன். வந்தது தயிர் திரிந்தது போன்ற கட்டிகள். ஒரு முட்டை ஒரு செல். அந்த முட்டையில் பெரும்பகுதி குஞ்சுக்கான சாப்பாடு, அதாவது கரு உணவு. அவ்வளவு பெரிய மணிக்குள் டி.என்.ஏ. ஒரு துளியினும் துளி. விந்து செல் நேர்மாறு, கண்ணுக்குத் தெரியாத ஒரு தலையும் வாலும்தான், அந்தத் தலை முழுக்க உட்கரு. ஒரு டீஸ்பூனில் கோடிக்கணக்கில் அடங்கும். சதையில் ஒவ்வொரு நாரும் நீளமான பெரிய செல், அதன் இடத்தையெல்லாம் அசைவுக்கான புரதம் பிடித்துக்கொண்டிருக்கிறது, உட்கருக்கள் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும்.

கட்டி கட்டியாக உதிர்வது புரதம், இழையாக வழுக்கிக்கொண்டு குச்சியில் சுற்றுவது டி.என்.ஏ. பிள்ளைகளுக்கு இதை அடித்துச் சொல்லுங்கள். குச்சியில் இருப்பதும் சுத்தமான டி.என்.ஏ. கிடையாது, அதோடு அதன் உறவுப் பொருளான ஆர்.என்.ஏ.வும் கொஞ்சம் புரதமும் ஒட்டியிருக்கும்.

நாம் செய்த இந்த வேலைக்கு ஒரு முன்னோடி உண்டு. ஃபிரீட்ரிக் மீஷர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1869இல் ஜெர்மனியின் டூபிங்கனில், மருத்துவமனையில் கழித்துப் போட்ட காயக்கட்டுத் துணிகளின் சீழை எடுத்து, அதிலுள்ள வெள்ளையணுக்களின் உட்கருவிலிருந்து முதன்முதலாக இந்தப் பொருளைப் பிரித்தார். புரதத்தைச் சிதைக்க அவர் பயன்படுத்தியது பன்றி வயிற்றின் நொதி. நம் பப்பாளிப் பாலுக்கு அதே வேலைதான். பிறகு பாசெல் நகருக்குத் திரும்பியவர் சீழை விட்டுவிட்டு, ரைன் ஆற்றில் ஏறி வரும் சால்மன் மீனின் விந்துக்கு மாறினார், உட்கரு அதிகம் கிடைக்கும் இடம் அதுதான் என்று கண்டுகொண்டதால். டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவம் தெரிந்தது 1953இல். அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் மீன் வயிற்றில் அதை அள்ளியிருக்கிறார்.

ரத்தத்தையும் பாருங்கள்

பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் இதை விடாதீர்கள். மீனின் செவுளிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மெலிதாக இழுத்துக் காயவிட்டு, வண்ணமீன் கடையில் விற்கும் மெத்திலின் நீலத்தை நீர்த்து ஒரு சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் கழித்துக் கழுவுங்கள். சிவப்பணுக்கள் முட்டை வடிவில் தெரியும், ஒவ்வொன்றின் நடுவிலும் நீலமாக ஒரு புள்ளி இருக்கும். அதுதான் உட்கரு. ஆட்டு ரத்தத்தில் அதே மாதிரி செய்தால் சிவப்பணுக்கள் வட்டமாக, நடுவில் எதுவுமில்லாமல் இருக்கும். பாலூட்டிகளின் சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடும், நமக்கும் அப்படித்தான். மனித ரத்தத்தை எடுத்து டி.என்.ஏ. சோதிக்கிறார்கள் என்றால் அது வெள்ளையணுக்களிலிருந்து கிடைப்பது. கோழிக்கும் மீனுக்கும் சிவப்பணுவிலேயே இருக்கிறது. "எல்லா செல்லிலும் டி.என்.ஏ. உண்டு" என்று எழுதும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு தகடுகளைக் காட்டுங்கள்.

உட்கருவுக்கு வெளியேயும் கொஞ்சம் இருக்கிறது. சூரை மீனை அறுத்தால் வெளிர் சதைக்கு நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடுமே, ஓயாமல் நீந்துவதற்கான சதை அது. சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அங்கே குவிந்து கிடக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் வளையமாகத் தனி டி.என்.ஏ. உண்டு. மனிதனின் மைட்டோகாண்ட்ரியா வளையத்தில் 16,569 எழுத்து இணைகள் (முறுக்கேணியின் ஒரு படி ஓர் இணை), மீனிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அது அம்மா வழியாக மட்டுமே பிள்ளைக்கு வரும். மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா, பிறகு வேறொரு செல்லுக்குள் குடியேறியது, அதனால்தான் சொந்த டி.என்.ஏ. வைத்திருக்கிறது. செல்லுக்குச் செல் நூற்றுக்கணக்கில் இருப்பதால் கருவாட்டுத் துண்டு மாதிரி பழைய, சிதைந்த பொருளிலும் இது மிஞ்சும். வெட்டிய துண்டு என்ன மீன் என்று ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதும் இந்த வளையத்தில் ஏறத்தாழ 650 எழுத்துள்ள ஒரு பகுதியைப் படித்துத்தான். அந்தப் பகுதியைக் கடைப் பொருளின் பட்டைக்கோடு போலப் பயன்படுத்தலாம் என்று 2003இல் கனடாவின் பால் ஹீபர்ட் குழு சொன்னது.

பாசியில் செய்து ஏமாறாதீர்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் பிள்ளைகள் கேட்கும் அடுத்த கேள்வி, பாசியில் எடுக்கலாமா என்பது. அம்மாக்கள் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் எடுக்கப் போகிறவர்கள், வீட்டிலேயே கிடக்கும். பாசியிலும் டி.என்.ஏ. உண்டு, மூன்று இடத்தில்: உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ஒளிச்சேர்க்கை செய்யும் கணிகம். தென்னை, அலையாத்தி இலைகளிலும் இதே மூன்றுதான், அவற்றில் கணிகத்துக்குப் பசுங்கணிகம் என்று பெயர். ஆனால் மேலே சொன்ன முறையில் பாசியைப் போட்டால் ஆல்கஹால் பட்டவுடன் வெள்ளையாக ஏராளமாகத் திரளும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், அது டி.என்.ஏ.வே இல்லை. பாசியின் செல்சுவரில் இருக்கும் சர்க்கரைக் கூழ். கஞ்சிப்பாசியில் அது அகர், கடலில் மிதவை கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற பாசியில் கராஜினன். கராஜினனை ஆலையில் பிரிப்பதற்கும் ஆல்கஹாலை ஊற்றும் முறை ஒன்று இருக்கிறது. பாசியில் டி.என்.ஏ. எடுப்பது ஆய்வகத்திலேயே சிரமமான வேலை. செடியில் செய்து பார்க்க ஆசைப்பட்டால் நன்கு கனிந்த வாழைப்பழமே போதும், உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதிலும் பெக்டின் என்ற கூழ் கொஞ்சம் கலந்துதான் வரும்.

பவளத்தைத் தொடாமலே அதைப் பற்றிப் பேசலாம். பவள உயிரியின் செல்லில் அதன் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் இருக்கின்றன, அதற்குள்ளேயே நுண்பாசி ஒன்று குடியிருக்கிறது, அந்தப் பாசிக்கு உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கணிகம் என்று மூன்று. ஒரே உயிர் போலத் தெரியும் ஒரு துண்டில் ஐந்து இடத்து டி.என்.ஏ.! கடல் சூடாகும்போது பவளம் வெளுத்துப்போவது இந்தப் பாசி வெளியேறுவதால்தான்.

உட்கருவே இல்லாதவை

வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் வெயில் காலத்தில் கெட்டியான உப்புநீர் இளஞ்சிவப்பாக நிற்பதைப் பார்த்தால், அந்த நிறத்துக்குப் பெரும்பாலும் காரணம் உப்பிலேயே வாழும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள். பாக்டீரியாவைப் போலவே இவற்றுக்கும் உட்கரு கிடையாது. வளையமான டி.என்.ஏ. செல்லின் நடுவில் வேலியில்லாமல் கிடக்கும், அதுபோகப் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையங்களும் இருக்கலாம். நல்ல தண்ணீரில் போட்டால் இந்த வகைகளில் பல வெடித்தே போகும், அவற்றுக்கு அவ்வளவு உப்பு வேண்டும்.

இறால் பண்ணைக்காரர்கள் குஞ்சு வாங்கும்போது பி.சி.ஆர். (துளி டி.என்.ஏ.வையும் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறை) சோதனைச் சீட்டு கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தேடுவது இறாலின் டி.என்.ஏ.வை அல்ல, வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் வைரசின் டி.என்.ஏ.வை. அது ஏறத்தாழ 3 லட்சம் எழுத்து இணைகள் கொண்டது, புரத உறைக்குள் அடைந்திருக்கும், இறாலின் செல்லுக்குள் புகுந்ததும் உட்கருவில் உட்கார்ந்துகொண்டு தன்னைப் பெருக்கிக்கொள்ளும். எல்லா வைரசுக்கும் டி.என்.ஏ. இல்லை, கொரோனாவுக்கு ஆர்.என்.ஏ.தான்.

கடல் தண்ணீரிலேயேகூட இருக்கிறது. கரையோரத் தண்ணீர் ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் அளவில் பாக்டீரியா இருக்கும், வைரஸ் அதைப்போல் பத்து மடங்கு. அதோடு மீனின் வழுவழுப்பு, செதில், கழிவு எல்லாவற்றிலிருந்தும் உதிர்ந்த துணுக்குகளும் மிதக்கும், அவை சில நாட்களில் சிதைந்துவிடும். அதற்குள் தண்ணீரை வடிகட்டிச் சோதித்தால் எந்த உயிர் அந்தப் பக்கம் வந்து போனது என்று வலை போடாமலே சொல்லலாம். கண்ணில் படாமல் கடல்புல் மேயும் ஆவுளியாவை, அதாவது கடல்பசுவைத் தேட இது மிகவும் பொருத்தமான வழி என்று நினைக்கிறேன்.

எடுத்ததைப் பத்திரப்படுத்த

குச்சியில் சுற்றியதை ஊசி மருந்துக் குப்பி மாதிரி சின்னப் புட்டியில் ஆல்கஹாலோடு போட்டு இறுக மூடினால் பல மாதம் இருக்கும். மிச்சக் கரைசலையும் மீன் பாகங்களையும் சாப்பாட்டுப் பாத்திரங்களின் பக்கம் வைக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், ஆல்கஹால் கலந்ததைக் கோழிக்கோ பூனைக்கோ போடக் கூடாது. டம்ளர்களை வெந்நீரில் கழுவித் தனியாக எடுத்து வையுங்கள், அடுத்த வகுப்புக்கு ஆகும். புட்டிக்குள்ளேயே ஒரு துண்டுக் காகிதத்தில் என்ன மீன், எந்தப் பாகம், எந்தக் கரை, என்ன தேதி என்று எழுதிப் போடுங்கள், அதை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.